கால் மைல் விதியும் கடல் சூழ்ந்த ஊர்களும்



நெடுந்தீவில் ஒரு முதியவரிடம் யாழ்ப்பாணப் பட்டினம் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் மைற் கணக்கில் விடை சொல்லமாட்டார். "சோளகம் எழும்பாவிட்டால் விடியப் போய்ப் பொழுதுபட வரலாம், எழும்பினால் கடவுள் விட்ட வழி" என்றுதான் சொல்லுவார். தீவகத்தாருக்குத் தூரம் என்பது காற்றைப் பொறுத்தது, படகைப் பொறுத்தது, படகோட்டியின் மனத்தையும் ஓரளவு பொறுத்தது. எங்களை ஆண்ட ஆங்கில அரசாங்கமோ பள்ளிக்கூடங்களுக்கு விதி வகுத்தபோது தூரத்தை மைலால் அளந்தது. மூன்று மைல் என்றும் கால் மைல் என்றும் அது எழுதிவைத்த எண்களுக்கு, தீவுப் பிள்ளைகள் எங்கே படிக்கலாம், யாரிடம் படிக்கலாம், எதுவரை படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் வலிமை இருந்தது. அக்கதையையே இன்று சொல்ல எண்ணுகிறேன். தீவுப் பகுதியில் ஆசிரியனாகவும் அதிபராகவும் பல ஆண்டுகள் கடமையாற்றியவன் நான். ஆகையால் வரலாற்றாசிரியனுக்குரிய நடுநிலைமை என்னிடம் முற்றாக அமைந்திருக்கும் என்று நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆங்கிலேயருக்கு முன் வந்த ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று, வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுட் பெரும்பாலானவை தேசப்படத்தோடு மங்கிப்போக, டெல்வ்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் உறுதியாக நிலைத்தது. ஒல்லாந்தர் காலத்திற் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் இருந்தன. பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிபவர். அத்தோம்பிற் பெயர் இல்லாதவனுக்குச் சட்டப்படி கலியாணம் இல்லை. முதுசத்துக்கு உரிமை கோருவதும் கடினம். பிள்ளையை அனுப்பாத பெற்றாருக்குக் குற்றப்பணம் உண்டு. எனவே எங்கள் முன்னோர் பள்ளிக்கூடத்திற் பெயரைக் கொடுத்துவிட்டு, வீட்டிற் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் வழிபாட்டை நடத்தினர். பள்ளிக்கூடம் என்பது அரசாங்கத்தின் பதிவேடு. படிப்பு என்பது திண்ணையிற் சட்டம்பியாரிடம் மணலில் எழுதிப் பழகுவது. இந்தப் பிரிவினை எங்கள் மனத்தில் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது என்று நான் நினைப்பதுண்டு. பெற்றாருட் சிலர் இன்றும் பாடசாலையை அத்தாட்சிப் பத்திரம் தரும் கந்தோராகவே கருதுவதைக் காணும்போது ஒல்லாந்தரின் தோம்பு எனக்கு நினைவு வருகிறது.

யாழ்ப்பாணக் கோட்டை 1795ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1798இல் வந்த முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், பாழடைந்து கிடந்த கோயிற்பற்றுப் பள்ளிக்கூடங்களுக்கு உயிர்கொடுக்க முயன்றார். 1799இல் வந்த ஜேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியாரிடம் பாடசாலைகளின் மேற்பார்வை ஒப்படைக்கப்பட்டது. ஆனால் 1803இல் இலண்டனிலிருந்து சிக்கனக் கட்டளை வந்தது. பள்ளிக்கூடச் செலவு வெட்டப்பட்டது. கிராமத்து உபாத்தியாயர்களின் கதி என்னவாயிற்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அரசாங்கத்துக்குப் பணமுடை வரும்போது முதலில் வெட்டப்படுவது எது என்பதில் எந்த நூற்றாண்டும் மற்றொன்றுக்கு இளைத்ததன்று.

1802இல் இலங்கை கிழக்கிந்தியக் கும்பனியின் தொடர்பிலிருந்து நீங்கி முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. ஆதலால் இந்தியாவுக்கெனப் பிறந்த கல்விக் கட்டளைகள் பாக்குநீரிணையைத் தாண்டி எங்களைக் கட்டுப்படுத்தவில்லை. கட்டளைகள் தாண்டாவிட்டாலும் கருத்துக்கள் தாண்டின. மெக்காலேயின் பெயரை அறியாத கல்விமான் எவருமிலர். 1835ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பே இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு அரசாங்கப் பணத்தைத் திருப்பிவிட்டது. ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, இலங்கையில் விசாரணை நடத்திய கோல்புறூக், ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சுதேசபாஷைப் பள்ளிக்கூடங்களின் உபாத்தியாயர்கள் விவாகப் பதிவையே தொழிலாக நடத்துகின்றனர், கற்பிப்பது சொற்பம் என்று அவர் கண்டார். அவர் கண்டது பொய்யன்று. அதற்கு அவர் சொன்ன மருந்துதான் வேறு: ஆங்கிலம் கற்பியுங்கள், ஆங்கிலம் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாயிலைத் திறவுங்கள் என்றார். 1834இற் பாடசாலை ஆணைக்குழு அமைந்தது; 1836இற் கொழும்பில் அரசாங்கக் கல்விச்சாலை எழுந்தது; 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழு வந்து மிஷன் பாடசாலைகளுக்கும் பண உதவி வழங்கலாயிற்று. இந்தியாவில் நன்கொடை முறையை வகுத்த சாள்ஸ் வூட்டின் கல்வி நிருபம் வந்தது 1854இல். இவ்வகையில் இலங்கை முந்திக்கொண்டது எனலாம்.

இக்கொள்கை கொழும்புக்கும் காலிக்கும் எப்படிப் பொருந்தியதோ அறியேன். தீவுகளுக்கு அது நேராக வரவில்லை. வட்டுக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். தலைநகரில் அவர்கள் தங்குவதை விரும்பாத தேசாதிபதி பிறௌன்றிக் அவர்களை வடக்கே அனுப்பிவைத்தார். அடுத்து வந்த பாண்ஸ் என்னும் தேசாதிபதி அதுவும் பொறுக்காதவராய், 1820இல் வந்த அவர்களுடைய அச்சுத் தொழிலாளரை நாட்டிலிருந்தே வெளியேற்றினார்; புதிதாக மிஷனரிமார் வருவதற்கிருந்த அத்தடை 1833வரை நீங்கவில்லை. இருந்தவர்களோ சும்மா இருக்கவில்லை. 1823இல் டானியேல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. வட்டுக்கோட்டைக் கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் தீவுகள் தெரியும். அங்கே தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாத்திரமும், வடமொழியுங்கூடக் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் இலவசம். அமெரிக்காவிலுள்ள புண்ணியவான் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால் அப்பிள்ளைக்கு அவர் பெயரே சூட்டப்படும். கறோல், நெவின்ஸ் முதலிய பெயர்கள் எங்கள் விசுவநாதபிள்ளைகளுக்கும் சிதம்பரப்பிள்ளைகளுக்கும் முன்னால் வந்து அமர்ந்தது இப்படித்தான்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், அச்செமினரியை ஐரோப்பியச் சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பவைத்துப் புகழ்ந்தார். ஆனால் 1855இல் அது மூடப்பட்டது. மூடியவர்கள் ஆங்கில அதிகாரிகள் அல்லர்; அதனை நடத்திய மிஷனே மூடியது. பொஸ்ரனிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் நிலைமையைப் பார்த்தார். ஆங்கிலம் படித்த இளைஞன் ஊரில் நின்று போதகம் செய்வான் என்று எதிர்பார்த்தால், அவன் உத்தியோகம் தேடிக் கொழும்புக்கும் சென்னைக்கும் போகிறான். எனவே தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவர் முடிவு. மூடி இரண்டாண்டுகளில், 1857இல், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் அச்செமினரியின் மாணவர். மரத்தை வெட்டிய பின்னர் கனி உதிர்ந்தது போலாயிற்று.

இந்த நிகழ்ச்சியைப் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அண்டர்சன் கண்ட உண்மை இன்றும் எங்கள் தீவுகளைச் சுடும் உண்மைதான்: படித்த பிள்ளை ஊரில் நிற்பதில்லை. ஆனால் பிள்ளை போய்விடுவான் என்று பயந்து கதவைச் சாத்துவது கல்வியாகாது. ஆங்கிலம் கொடுத்தவர்கள் பிள்ளையை ஊரிலிருந்து பிரித்தார்கள். ஆங்கிலத்தை மறுத்தவர்கள் பிள்ளையை உலகத்திலிருந்து பிரித்தார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருந்தது என்பதை மானிப்பாயில் மருத்துவம் செய்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர் காட்டினார். 1847இல் வந்த அவர், 1864இலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உயர்ந்த கல்வியைத் தமிழிற் கொடுக்க முடியும் என்று செய்து காட்டியவரை நாம் வாயாரப் புகழ்ந்துவிட்டு, அவர் வழியைப் பின்பற்றாமல் விட்டோம். அரசாங்க உத்தியோகம் ஆங்கிலத்தில் இருக்கும்வரை தமிழில் வைத்தியம் படிக்க யார் முன்வருவார்?

மிஷன் பள்ளிக்கூடங்களின் மறுபுறத்தில் நின்றவர் ஆறுமுகநாவலர். அவர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் முறையிலேயே வகுப்புப் பிரித்து, அச்சிட்ட பாடநூல் கொடுத்து, சைவப் பிள்ளைக்குச் சைவச் சூழலிற் படிப்பு என்பது அவர் கொள்கை. அரசாங்க நன்கொடை அவ்வித்தியாசாலைக்குக் கிடைத்தது 1870இல். இருபத்திரண்டு வருடம் கழித்து! 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையோ பணமின்றி நான்காண்டில் நின்றுபோயிற்று. நாவலருக்கே இந்நிலை என்றால், புங்குடுதீவிலோ அனலைதீவிலோ சொந்த வளவிற் கொட்டில் போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்த ஒரு சட்டம்பியாரின் நிலை எப்படியிருக்கும்?

அந்நன்கொடை முறைக்கு வருவோம். 1865இற் சட்டநிரூபண சபை அமைத்த உபகுழு, றிச்சட் மோகன் தலைமையில் விசாரித்து 1867இல் அறிக்கை தந்தது. 1869இல் வித்தியாபகுதி உருவாயிற்று. எச்சமயத்தார் நடத்தினும், பொதுப் பாடங்களைச் செவ்வனே கற்பிக்கும் பாடசாலைக்கு நன்கொடை உண்டு என்பது கொள்கை. காகிதத்தில் இது நீதியான கொள்கை. இங்கிலாந்தில் றொபேட் லோ 1862இற் கொண்டுவந்த முறையைப் பின்பற்றி, தேர்ச்சிக்கு ஏற்ற கூலி என்னும் வழக்கமும் 1870களில் இங்கே வந்து சேர்ந்தது. வித்தியாதரிசி வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதிப்பார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் எத்தனை பிள்ளை தேறினதோ அத்தனைக்குக் கணக்குப் பார்த்துப் பணம்.

வித்தியாதரிசி வரும் நாளைப் பற்றி என் பாட்டனார் தம் தந்தையார் சொல்லக் கேட்டதாக ஒரு கதை சொல்லுவார். முதல்நாள் மாலையே துறையில் ஒரு பெடியனைக் காவல் வைப்பார்களாம். பாய் தெரிந்ததும் அவன் ஓடிவந்து சொல்ல, ஊரெங்கும் ஆள் போகும். மாடு மேய்க்கப் போனவன், வலை காயப்போட்டு நின்றவன், ஓலை பொறுக்கியவன் எல்லோரையும் பிடித்துவந்து முகங் கழுவி உட்கார்த்துவார்கள். சால்வை இல்லாதவனுக்கு இரவற் சால்வை. வாசிப்புப் புத்தகம் எல்லோருக்கும் மனப்பாடம்; ஒருவன் மட்டும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் வாசித்தானாம்! பாட்டனார் இவ்விடத்திற் சிரிப்பார். சிரித்துவிட்டு, "அந்த வருசம் காத்துக்கு வள்ளம் வரேல்லை எண்டால் வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை" என்று முடிப்பார். சிறுவனாயிருந்தபோது முதற்பகுதிதான் எனக்குப் பிடித்தது. அதிபரான பின்னர் கடைசி வாக்கியந்தான் நினைவில் நிற்கிறது.

கொழும்பிலிருந்த அதிகாரிக்குத் தேர்ச்சி விகிதம் ஆசிரியரின் திறமையைக் காட்டிற்று. தீவிலோ அது மழையையும் காற்றையும் பனம்பழக் காலத்தையும் காட்டிற்று. பெரிய ஊரிற் பத்துப் பிள்ளைகள் தவறினாலும் தொண்ணூறு பிள்ளைகள் பாடசாலையைக் காப்பாற்றுவர். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்திற் பத்துப் பேர் தாய்தகப்பனோடு வாடி போட்டு மீன்பிடிக்கப் போய்விட்டால் அவ்வருடம் ஆசிரியர் வீட்டில் உலை ஏறாது.

இனித்தான் தூர விதி வருகிறது. ஒரே ஊரில் இரண்டு மூன்று சமயத்தார் போட்டியிட்டுப் பாடசாலை தொடங்கினால் அரசாங்கப் பணம் வீணாகும் என்று வித்தியாபகுதி கருதியது. 1874இல், ஏற்கெனவே உள்ள பாடசாலைக்கு மூன்று மைலுக்குள், விசேட காரணம் இருந்தாலன்றிப் புதிய பாடசாலைக்கு நன்கொடையில்லை என்று விதித்தது. கோப்பி நோயினால் நாட்டின் வருமானம் 1880களிற் சரிந்தபின் சிக்கனம் மேலும் இறுகிற்று. 1890களின் தொடக்கத்தில் வந்தது கால் மைல் விதி: போதிய வரவு இருந்தாலன்றி, பழைய பாடசாலைக்குக் கால் மைலுக்குள் புதியது எழக்கூடாது. தெற்கே பௌத்த மக்கள் கேணல் ஒல்கொட்டின் துணையோடு தங்கள் பாடசாலைகளை நிறுவத் தொடங்கியிருந்த வேளை அது; அவர்கள் இவ்விதியைக் கடுமையாக எதிர்த்தனர். வடக்கே சைவ மக்களின் மனக்குறையும் அதுவே. விதி எந்தச் சமயத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தவருக்கே வட்டம் சொந்தம். முதலில் வந்தவர் மிஷனரிமார்.

தீவின் படத்தை எடுத்து, மூன்று மைலுக்குக் கவராயத்தை விரித்து ஒரு வட்டம் கீறிப் பாருங்கள். நயினாதீவில் எந்த இடத்தில் ஊசியை வைத்தாலும் தீவு முழுவதும் வட்டத்துக்குள் அடங்கிவிடும், மீதியெல்லாம் கடல். ஒரு பாடசாலை முந்திவிட்டால், விதியின் எழுத்துப்படி அத்தீவில் இன்னொன்றுக்கு இடமில்லை. எழுவைதீவு அதனினும் சிறியது. அப்படியானால் அக்கரைத் தீவின் பாடசாலைக்குப் போகலாமே என்றால், படத்தில் அது ஓர் அங்குலமாகத் தெரியலாம்; ஏழு வயதுப் பிள்ளையைத் தோணியில் ஏற்றி அனுப்பும் தாய்க்கு அது ஓர் அங்குலம் அன்று. கடலை நிலமாக எண்ணி அளந்த அந்த மைற்கோல், நெடுந்தீவின் நீண்ட மணல்வழியில் நடந்து வரும் பிள்ளையையும், பட்டினத்திற் கல்லூரி மதிலுக்கு அருகே குடியிருக்கும் பிள்ளையையும் ஒன்றாக வைத்து எண்ணிற்று.

இதனாற் தீங்குதான் விளைந்தது என்று சொல்லி முடித்துவிட்டால் நான் பொய்யனாவேன். அரசாங்கம் எட்டிப்பாராத தீவுகளுக்கு வள்ளமேறி வந்து எழுத்துக் கற்பித்தவர்கள் கத்தோலிக்கக் குருமாரும் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சுதேச உபதேசிமாருமே. அவர்களுக்கு எதிராகச் சைவப் பாடசாலைகள் எழுந்தன. நன்கொடை கிடைக்காத காலத்திலும் பிடியரிசி சேர்த்து அவற்றை ஊரார் நடத்தினர். பகைமை ஒன்றுக்கு இரண்டு பள்ளிக்கூடத்தைத் தந்தது என்றால் அந்தப் பகைமையை நான் அதிகம் நோகமாட்டேன். ஆயினும் எழுந்தவை யாவும் ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழ்ப் பள்ளிக்கூடங்கள். அதற்குமேல் எது வேண்டுமாயினும் கடலைக் கடக்க வேண்டும்.

ஊர்காவற்றுறையிலே கத்தோலிக்கர் நடத்திய புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. பட்டினத்திற் புனித பத்திரிசியார் கல்லூரியும் மத்திய கல்லூரியும், 1890இலிருந்து இந்துக் கல்லூரியும் இருந்தன. வட்டுக்கோட்டையில் 1872இற் பிறந்த யாழ்ப்பாணக் கல்லூரி இருந்தது. அங்கே படிக்கக் கட்டணம் வேண்டும். தங்க விடுதிச் செலவு வேண்டும், அல்லது பட்டினத்தில் இனத்தவர் வேண்டும். குடாநாட்டுப் பிள்ளை கட்டணத்தோடு தப்பினான். தீவுப் பிள்ளை கட்டணத்தோடு கடலுக்கும் சேர்த்துப் பணம் கட்டினான். குடாநாட்டில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்கு இரயில்வே எழுதுவினைஞராகவும் நிலஅளவைக் கந்தோரிலும் போனபோது, புங்குடுதீவாரும் நயினாதீவாரும் வேலணையாரும் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். தீவாருக்கு வணிகம் இரத்தத்தில் ஊறியது என்று பெருமையாகச் சொல்லுவர். ஐந்தாம் வகுப்புக் கணக்கையும் தமிழ் எழுத்தையும் வைத்துக்கொண்டு ஒருவன் முன்னேறக்கூடிய தொழில் அது ஒன்றுதான் என்பதும் ஒரு காரணம் என எனக்குத் தோன்றுகிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உடுவிலில் 1824இலேயே அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது. மருதனார்மடத்தில் 1913இற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்குக் கல்லூரி எழுப்பினார். இவை எங்கள் நாட்டுக்குப் பெருமை. ஆனால் தீவுகளில் மகனைத் தோணியேற்றத் துணிந்த தகப்பன் மகளை ஏற்றத் துணியவில்லை. கடல் குறுக்கிட்ட இடத்திற் பெண்ணின் படிப்பு நின்றது. என் தாயாரின் தாயார் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். இராமாயணத்தைப் பிழையின்றி வாசிப்பார். "அக்கரையிற் பள்ளிக்கூடம் இருந்தது, எனக்குக் கடல் இருந்தது" என்பார்.

கடலைக் கடந்தவர்களுள் ஒருவரைச் சொல்லுகிறேன். ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இற் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். அவர் தந்தையார் நெடுந்தீவைச் சேர்ந்தவர். புனித அந்தோனியார் கல்லூரியிலும் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார்; பின் கொழும்பிலும் உரோமாபுரியிலும் குருத்துவக் கல்வி பெற்றார். ஆங்கிலமும் இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பிறவும் அவருக்கு வசமாயின. தமிழை ஆழ்ந்து கற்றது எப்போது? குருவானவராகித் தென்னிந்தியாவில் வடக்கன்குளத்திற் பாடசாலையிற் கற்பிக்கப் போனபின்னர்! அங்கே ஒரு பண்டிதரிடம் பாடங் கேட்டார். பின்னர் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் 1945 தொடக்கம் தமிழ் பயின்று பட்டம் பெற்றார். அதன்பின் 1952இற் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கித் தமிழை உலக அறிஞர்முன் வைத்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைவதற்கும், 1966இற் கோலாலம்பூரில் முதல் மகாநாடு கூடுவதற்கும் அவரே முன்னின்றார். இலண்டனில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், பழந்தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை. தமிழ் வீட்டிற் பிறந்து, முப்பது வயதையொட்டித் தமிழைத் தேடிப்போக நேர்ந்த ஒருவர் அப்பொருளை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. கோல்புறூக்கின் கொள்கை இருந்தவாறு நடந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. திறமையுள்ள பிள்ளையைத் தீவிலிருந்து உரோமாபுரிவரை கொண்டுபோய்விட்டது அக்கொள்கை. தன் தாய்மொழிக்கு அவர் தாமே வழி கேட்டுத் திரும்பிவர வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டிற் காற்று மெல்லத் திசை மாறிற்று. 1907இற் கிராமப் பாடசாலைச் சட்டம் வந்தது. 1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. இந்து போர்ட் இராசரத்தினம் என்று மக்கள் அழைத்த சு. இராசரத்தினம் அவர்களின் உழைப்பாற் குடாநாட்டிலும் தீவுகளிலும் சைவப் பாடசாலைகள் பெருகின. கால் மைல் விதியால் வெளியே நிறுத்தப்பட்டோம் என்று முறையிட்ட நாமே, எங்கள் பாடசாலைக்குள் இன்னொரு தூரத்தை வைத்திருந்தோம். அது வாங்குக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தூரம். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளை நிலத்தில் இருந்தது, அல்லது பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றது. 1929, 1930ஆம் ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று வித்தியாபகுதி வற்புறுத்தியபோது, யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அந்நிய அரசாங்கம் செய்த தவறுகளை எண்ணிக் காட்டும் நாம், அந்த அரசாங்கம் சரியாகச் செய்ததொன்றை எங்கள் ஆட்களே எரித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1931இற் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை வந்தது. பூரண சுயராச்சியம் இல்லையென யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அழைத்ததால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934வரை வெறுமையாய்க் கிடந்தன; ஊர்காவற்றுறையும் அவற்றுள் ஒன்று. 1936இல் வேலணையிற் பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியாய்ச் சென்று சபாநாயகரானார். 1947வரை அவ்வாசனத்தில் இருந்தார். கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கை தந்ததும், இலவசக் கல்வித் திட்டம் விவாதிக்கப்பட்டதும் அச்சபையிலேதான். தீவுப்பகுதி மனிதர் ஒருவர் தலைமை வகித்த சபையில், பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலைவரை கட்டணம் இல்லை என்று தீர்மானமாகி, 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

கட்டணம் ஒழிந்தது, கடல் ஒழியவில்லை. அதற்கு மருந்து மத்திய பாடசாலைத் திட்டத்தில் இருந்தது. பட்டினத்துக் கல்லூரிக்கு நிகரான பாடசாலையைக் கிராமத் தொகுதிகளில் நிறுவுவது கன்னங்கராவின் எண்ணம். அவ்வழியில் 1940களில் வேலணையில் மத்திய கல்லூரி எழுந்தது. விடுதியோடும் விஞ்ஞானகூடத்தோடும் உயர் வகுப்பு தீவுப்பகுதிக்கே வந்தமை, ஒரு நூற்றாண்டாக அக்கரையை நோக்கிக்கொண்டிருந்த ஊர்களுக்கு எத்தகைய மாற்றம் என்பதை இன்றைய இளைஞர் உணர்வது கடினம். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் தாம்போதியும், பண்ணைக் கடலை ஊடறுக்கும் வீதியும் வந்தபின் சைக்கிளில் ஏறிய பெண்பிள்ளை, தன் பாட்டி காணாத வகுப்பைக் கண்டாள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது மிஷன் பள்ளிக்கூடமும் சைவப் பள்ளிக்கூடமும் ஒரே இடாப்பில் வந்தன. கால் மைலுக்குள் யார் முந்தியது என்னும் வழக்கு அத்தோடு முடிந்தது.

ஆனால் எண்ணிக்கை அளக்கும் கோல் முடியவில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாக வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளின் மக்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் சிலரே. ஒரு காலத்தில் மூன்று பள்ளிக்கூடம் போட்டியிட்ட ஊரில் இன்று மூன்று வகுப்புக்கு ஒரு வகுப்பளவு பிள்ளைகள். மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை அருகிலுள்ளவற்றோடு இணைக்கலாம் என்னும் யோசனை அவ்வப்போது எழுகிறது. யோசனை சொல்பவர்களிற் சிலர் என் நண்பர்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. "அருகில்" என்னும் சொல்லைத்தான் நான் ஒவ்வொரு முறையும் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நான் முன்பு கடமையாற்றிய ஒரு தீவுப் பாடசாலையில், கறையான் தின்றது போக எஞ்சிய ஒரு பழைய சம்பவத் திரட்டுப் புத்தகம் அலுமாரியில் இருந்தது. அதில் ஆனி மாதத்துப் பக்கமொன்றில், இறகுபேனாவால் எழுதிய வரி: "சோளகம் மிகுதி. வள்ளம் இல்லை. உபாத்தியாயர் இருவர் வரவில்லை. பிள்ளைகள் வந்தனர்." அதை வாசித்த அன்று நானும் அதே வேலையாகத்தான் அலுமாரியைத் திறந்திருந்தேன். குறிகட்டுவானிலிருந்து காலைப் படகு புறப்படவில்லை. ஆசிரியர் நால்வர் வரவில்லை. புதிய புத்தகத்தை எடுத்துத் திகதியைப் போட்டு எழுதினேன். கடைசி வாக்கியம் மட்டும் பழையதிற் கண்டபடியே அமைந்தது: பிள்ளைகள் வந்தனர்.